காலரா வராத ஊரின் சடுகுடு அணி

இன்று யாரோ பெரிய மனிதர் அம்மாபேட்டை வழியாகப் போகிறாராம். விடிந்ததும் மாநகராட்சி ஆட்கள் வந்து தெருவின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரைக் கோடாகப் போட்டுவிட்டுப் போனார்கள். வீட்டில் சன்னலையெல்லாம் சாத்தச் சொல்லி ஒரே சத்தம். நான் மட்டும் கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். எண்பதை நெருங்கும் மனிதன், முட்டி இரண்டும் தேய்ந்தவன், காலங்கார்த்தாலே தெருவில் நின்று பிளீச்சிங் பவுடரை முகர்ந்துகொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நினைத்துவிட்டுப் போகட்டும். கோடு வளைந்து வளைந்து கிடந்தது. நீ பார்த்திருந்தால் காலால் அழித்துவிட்டு, கயிறு கட்டி மறுபடி போடச் சொல்லியிருப்பாய்.

உள்ளே வந்து பேப்பரை எடுத்தால் அதிலும் நீதான். தொற்றுக் காலத்தில் மைதானங்கள் மூடிக் கிடந்ததால் ஆட முடியாமல் போன விளையாட்டுக்காரர்களுக்கு அரசாங்கம் உதவப் போகிறதாம். மன்றங்களுக்குச் சாமான், பயிற்சி கொடுப்பவர்களுக்கு உதவித்தொகை, வேலைக்கான வயது வரம்பில் இரண்டு வருடத் தளர்வு. மூன்று முறை படித்தேன். நல்ல காரியம்தான், குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் படித்து முடித்ததும் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காபி ஆறிவிட்டது என்று இரண்டு முறை வந்து சொன்னார்கள்.

நீ போய் ஆறு வருடம் ஆகிறது. இருக்கும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், இப்போது காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எரிச்சல் சீக்கிரம் வரும், யோக்கியம் மெதுவாகத்தான் வரும். இது உனக்குத் தெரிந்ததுதான்.

உன்னை முதன்முதலில் பார்த்த அன்று நீ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாய். எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி, சேந்தமங்கலம் வட்டாரத்துக்குச் சுகாதார ஆய்வாளராக வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை எனக்கு. கொல்லிமலை அடிவாரத்தில் உங்கள் ஊர். கடலைக்காய் பிடுங்கிய காட்டைச் சமன்செய்து நீங்கள் சடுகுடுப் போட்டி நடத்திக்கொண்டிருந்தீர்கள். சுற்றுவட்டாரத்து அணியெல்லாம் வந்திருந்தது. மேற்குத் தெருவில் இரண்டு நாளாக வாந்தியும் பேதியுமாக மூன்று பேர் கிடந்து, அன்று காலை ஒரு அம்மாள் இறந்துபோயிருந்தார். ஓடிப்போய்க் கூட்டத்தைக் கலை என்று டாக்டர் என்னை அனுப்பினார். நான் சைக்கிளில் ஒரு போலீஸ்காரரை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தேன். காட்டின் ஓரத்தில் ஓர் அண்டாத் தண்ணீர் வைத்திருந்தார்கள். அத்தனை ஊர்க்காரர்களுக்கும் அதில் ஒரே ஒரு சொம்பு. ஆளாளுக்குக் கையை உள்ளே விட்டு மொண்டு குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவரின் கையைப் பிடித்து விசில் ஊதவைத்தேன். எல்லாரும் நின்றுவிட்டார்கள், நீ மட்டும் நிற்கவில்லை. எதிர்க்களத்தில் பாடிக்கொண்டிருந்தாய். விசில் காதிலேயே விழாதவன் போலச் சடுகுடு சடுகுடு என்று சுற்றி, ஓரத்தில் திகைத்து நின்ற இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, நடுக்கோட்டைத் தாண்டி வந்த பிறகுதான் மூச்சை விட்டாய். அப்புறம் என் முன்னால் வந்து நின்றாய்.

"ஏனுங்க, பாட்டு நடக்கறப்பப் போயி நிறுத்தச் சொல்றீங்க? மூச்சு என்னுதுங்க. நாந்தானுங்க உடோணும்."

எத்தனை கோபம் வந்தாலும் உன் வாயில் அந்த 'ங்க' மட்டும் போகாது. எங்கள் பக்கத்தில் அப்படிக் கிடையாது. நான் அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். காலரா வந்திருக்கிறது, காலரா, இன்னும் ஒரு சொம்பு இந்தத் தண்ணீரைக் குடித்தால் வரிசையாகச் சாவீர்கள் என்று கத்தினேன். இதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். அந்தச் சொல்லை உங்கள் ஊருக்குள் கொண்டுவந்தவன் நான்தான்.

நீ ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தாய். பிறகு போய் அந்த அண்டாவை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்துவிட்டாய். கடலைக்காட்டு மண் அந்தத் தண்ணீரை ஒரே இழுப்பில் குடித்தது. போட்டி முடிந்தது என்று நீயே எல்லா அணிக்கும் போய்ச் சொல்லி, கோப்பையைத் துணியில் சுற்றி உங்கள் வீட்டுப் பரணில் போட்டுவிட்டாய். அது அங்கே இரண்டு வருடம் கிடந்தது.

மறுநாளிலிருந்து உன் அணி எனக்கு வேலை செய்தது. நானாகக் கேட்கவில்லை. ஆட்டம் இல்லையென்றால் பசங்க கள்ளச்சாராயத்துக்குப் போயிடுவானுங்க என்று சொல்லி, நீயே ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாய். பானையில் ஓட்டை போட்டு, மணலும் பிளீச்சிங் பவுடரும் கலந்து நிரப்பி, கயிறு கட்டிக் கிணற்றில் தொங்கவிட வேண்டும். உங்கள் பக்கத்துக் கிணறுகள் சாதாரண ஆழமா? எட்டிப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். உன் ஆட்கள் ஓணான் போல இறங்குவார்கள். தடுப்பூசி போடும்போது சனங்கள் கதவைச் சாத்திக்கொண்டால் நீ முதலில் கையை நீட்டி, ஊசி வாங்கிக்கொண்டு, வீங்கிய கையோடு வீடு வீடாகப் போய் நிற்பாய். சடுகுடுக்காரனே போட்டுக்கிட்டான் என்று பொம்பளைகள் கதவைத் திறப்பார்கள். ஒரே வாரத்தில் நான் செய்து முடித்ததாக மேலே எழுதிப் போட்ட வேலையெல்லாம் நீங்கள் செய்ததுதான். அந்தக் கடிதத்தில் உங்கள் பெயர் இல்லை.

பொன்னுசாமியின் கதையை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். உன் அணியின் இடது மூலைக்காரன் அவன். பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான், விடமாட்டான். இரண்டாவது வாரம், காலையில் பானை கட்டிக்கொண்டிருந்தவன் மத்தியானம் படுத்துவிட்டான். மாட்டு வண்டியில் போட்டுச் சேந்தமங்கலத்துக்குக் கொண்டுபோனோம். கெண்டைக்கால் சதை முறுக்கி இழுத்துக்கொண்டு அவன் துடித்தான். நீ வழி முழுக்க அவன் காலை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தாய். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோய், நாமக்கல்லிலிருந்து வரவேண்டியிருந்தது. அது வந்து சேர்ந்தபோது பொன்னுசாமி இல்லை. காலை மடியிலிருந்து இறக்காமலே நீ உட்கார்ந்திருந்தாய். நான்தான் எடுத்து வைத்தேன்.

அன்று சாயங்காலம் ரிஜிஸ்டரை எழுத உட்கார்ந்தேன். பெயர், வயது, ஊர், அப்புறம் நோய். என் மேலதிகாரி பக்கத்தில் நின்றார். பரிசோதனைக்கு அனுப்பியதற்கு முடிவு வரட்டும், அதுவரைக்கும் அந்தச் சொல்லை எழுதாதே என்றார். எழுதினால் மேலே இருந்து கேள்வி மேல் கேள்வி வரும், சந்தையை மூடணும், தேரை நிறுத்தணும், பதில் சொல்லியே சாகணும் என்றார். அவர் கெட்டவரும் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார், அவருக்கும் மேலே ஒருவர். நான் 'வயிற்றுப்போக்கு' என்று எழுதினேன். அதிலும் பொய் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பரிசோதனை முடிவு எந்தக் காலத்திலும் எங்கள் கைக்கு வரவில்லை. இரண்டு வருடமும் அந்த ரிஜிஸ்டரில் என் கையெழுத்தில் வயிற்றுப்போக்குத்தான்.

காகிதத்தில் காலரா இல்லை. ஆனால் காலராவுக்காகக் கூட்டம் கூடத் தடை மட்டும் இருந்தது. அதை வாய்மொழியாகவே நடத்தினோம், தண்டோரா போட்டு. அடுத்த கோடையிலும் நோய் வந்தது, அடுத்த கோடையிலும் போட்டி கிடையாது. உங்கள் கடலைக்காட்டில் கோரைப்புல் முளைத்துவிட்டது. அந்த வருடம் ஒருநாள் உங்கள் கிணற்று மேட்டில் கயிறு திரித்துக்கொண்டிருந்தபோதுதான், உனக்கு அதில் என்ன போகிறது என்று எனக்குத் தெரிந்தது. நீயாகச் சொல்லவில்லை, நான் வயதைக் கேட்டேன். இருபத்து நாலு என்றாய். அப்புறம் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். ஜில்லா அளவில் ஆடியதாக ஒரு சர்டிபிகேட் இருந்தால் போலீஸ் அணியில் எடுப்பார்களாம். இருபத்தைந்து முடிந்துவிட்டால் எடுக்கமாட்டார்களாம். சித்திரைப் போட்டியில் ஜெயிக்கிற அணியிலிருந்துதான் சேலத்துக்கு ஆள் பொறுக்குவார்களாம். போன வருடம் நான் விசில் ஊதவைத்த ஆட்டத்தில், அந்தப் பொறுக்குகிற ஆள் வந்து உட்கார்ந்திருந்தாராம்.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று சத்தம்போட்டேன். சொன்னா மட்டும் ஆட உட்டிருப்பீங்களா என்று கேட்டுவிட்டுச் சிரித்தாய். விட்டிருக்க மாட்டேன்தான். உங்களுக்கு மானாவாரிக் காடு நாலு ஏக்கர், பங்கு கேட்க அண்ணன்மார் இருவர், தண்ணீர் போன கிணறு ஒன்று. அந்த மூச்சை நம்பித்தான் நீ இருந்தாய். உன்னால் முடிந்ததெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுதான்.

மூன்றாவது வருடம் நோய் அடங்கியது, தடை போனது. முதல் போட்டிக்கு மல்லசமுத்திரத்து அணி வந்தது. நான் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தேன். சைக்கிளை விட்டு இறங்கும்போதே வாசனை மூக்கில் ஏறியது. களத்துக்கு நாலு பக்கமும், நடுவிலும் வெள்ளைவெளேரென்று கோடு. பள்ளிக்கூடத்தில் நான் வைத்திருந்த மூட்டையிலிருந்து அள்ளிப் போட்டிருக்கிறார்கள். சுண்ணாம்பு என்று நினைத்தார்களாம். இரண்டு வருடம் அதைக் கலந்து கலந்து பானை கட்டியவர்கள் உன் ஆட்கள்! ஆனால் கோடு போட்டபோது அவர்கள் அங்கே இல்லை, வந்த அணியை அழைக்கப் போயிருந்தார்கள்; களம் போட்டது உன் பெரியப்பா. வாசனை தெரிந்த பிறகும், இரண்டு வருடம் கழித்து வந்த ஆட்டத்தை நிறுத்த அவர்களுக்கு மனசில்லை. அவருக்கு வெள்ளையாக இருந்ததெல்லாம் சுண்ணாம்பு. அதற்குள் பாதி ஆட்டம் முடிந்திருந்தது. வேர்த்த உடம்போடு கோட்டில் விழுந்து புரண்டவர்களின் முதுகெல்லாம் சிவந்துபோய், கண்ணில் தண்ணீராகக் கொட்டுகிறது. நடுவர் அழுதுகொண்டே விசில் ஊதுகிறார். மல்லசமுத்திரத்துக்காரர்கள் இது ஏதோ உள்ளூர்ச் சூழ்ச்சி என்று சண்டைக்கு நின்றார்கள். எல்லாரையும் கிணற்றடிக்கு விரட்டி, உடம்பைக் கழுவவைத்து, சாம்பலில் கோடு போட்டு மறுபாதியை ஆடவைத்தோம். நீ முதுகைச் சொறிந்துகொண்டே என்னிடம் வந்தாய்.

"இனிமேலுக்கு எங்க டீமுக்குக் காலராவே வராதுங்க இன்ஸ்பெக்டரு. முதுவெல்லாம் மருந்து போட்டாச்சு."

அத்தனை வருடத்தில் நான் அப்படிச் சிரித்தது கிடையாது. அன்று நீங்கள் ஜெயித்தீர்கள். ஆனால் அந்தத் தை மாதமே உனக்கு இருபத்தைந்து முடிந்திருந்தது.

ஒரு மாதம் கழித்து நீ ஓடிவந்தாய். சுகாதார நிலையத்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாய். பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் ஓர் உத்தரவு ஒட்டியிருக்கிறது என்றாய். காலராவால் போட்டிகள் நின்றுபோன ஊர்களில் விளையாட்டை மறுபடி எழுப்பிவிட அரசாங்கம் உதவுகிறது. களத்தைச் சமன்செய்து தருவார்கள், பனியன் தருவார்கள், சேலத்திலிருந்து பயிற்சியாளர் வருவார். அதெல்லாம் நீ வேகவேகமாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் மெதுவாகச் சொன்னாய், அந்த ஊர்களின் ஆட்டக்காரர்களுக்குத் தனியாகத் தேர்வு, வயதில் இரண்டு வருடம் சலுகை. ஊரில் காலரா வந்தது என்று சுகாதார ஆய்வாளர் ஒரு சான்று தந்தால் போதும்.

"வேற ஆருகிட்டயாவது வாங்கோணும்னா அலையோணும். நம்ம கையெழுத்துத்தானுங்களே," என்றாய்.

நம்ம என்றாய். சான்றையும் நீயே எழுதிக்கொண்டு வந்திருந்தாய். கோடு போட்ட நோட்டுத்தாளில், குண்டு குண்டான எழுத்தில். மேற்படி கிராமத்தில் காலரா நோய் கண்டு இரண்டு ஆண்டுகள் விளையாட்டுப் போட்டிகள் நிறுத்தப்பட்டன என்று இதனால் சான்றளிக்கிறேன். கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாய். பேனாவைக்கூட மூடி கழற்றி நீட்டினாய்.

நான் ரிஜிஸ்டரை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. எடுக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கலாம். எடுத்துப் பிரித்து, இதில் இல்லையே என்றேன். என்ன இல்லீங்க என்றாய். காலரா இல்லை என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து நீ முதலில் சிரித்தாய். அப்புறம் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாய். ஓரிடத்தில் விரல் நின்றது. எனக்குத் தெரியும் அது எந்த வரி என்று.

"பொன்னுசாமி எதுலீங்க செத்தான்?"

நான் ரிஜிஸ்டரை இழுத்து மூடினேன். மேலதிகாரியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீ தலையாட்டினாய். டீ வாங்கிவரச் சொன்னேன். அதையும் மரியாதைக்குக் குடித்துவிட்டு, வாரேனுங்க என்று சொல்லிக் கிளம்பினாய். அந்தத் தாள் மேசைமேலேயே கிடந்தது.

கேட்கத்தான் செய்தேன். இப்போது காலரா என்று எழுதிக் கொடுத்தால், அப்போது ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள், அத்தனை சாவுக்கும் நீதான் நின்று பதில் சொல்லவேண்டும் என்றார் அவர். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பெண் பிறந்து ஒன்பது மாதம். இதையெல்லாம் காரணமாகச் சொல்கிறேனா? சொல்லத்தான் சொல்கிறேன். ஆனால் உண்மை என்னவென்றால் நான் பயந்தேன். பயந்தவனுக்குக் காரணம் தேடவேண்டிய அவசியமே இல்லை, தானாக வந்து குவியும்.

பக்கத்து ஊருக்கு எல்லாம் வந்தது. அந்த ஊரைக் கவனித்த இன்னோர் ஆய்வாளர் முதல் நாளிலிருந்தே காலரா என்றுதான் எழுதியிருந்தார். அவர் ஒன்றும் வீரசூரர் இல்லை, என்னைவிடப் பயந்த சுபாவம். அவருக்கு ஒரு மெமோ வந்தது, பதில் எழுதினார், அவ்வளவுதான். வேலை போகவில்லை, தலை போகவில்லை. களம் சமன் ஆனது, பயிற்சியாளர் வந்தார், அந்த ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் போலீசில் சேர்ந்தார்கள். இரண்டு பேரையும் நீ பாடிப் போகும்போது அவர்கள் களத்திலேயே உருட்டியவன். அவர்கள் காக்கி உடுப்பில் வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். நீ கறிச்சோறு போட்டு அனுப்பினாயாம்.

காலரா வராத நம் ஊருக்கும் அரசாங்கம் எதுவும் தராமல் விட்டுவிடவில்லை. பொதுவான ஒதுக்கீட்டில் ஒரு வாலிபால் வலையும் ஒரு பந்தும் வந்தன. ஊரில் ஒருவருக்கும் வாலிபால் தெரியாது. பந்தைக் கொஞ்ச நாள் உதைத்தார்கள். வலையை உன் அண்ணன் கோழிக்குஞ்சு மேல் போர்த்தி வைத்திருந்தார், பருந்து தூக்காமல் இருக்க.

நீ அந்த ஆடியிலேயே ஆழ்குழாய்க் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் வேலைக்குப் போய்விட்டாய். வடக்கே எந்தெந்த ஊரிலோ பாறையைத் துளைத்துக்கொண்டு பத்து மாதம், ஊரில் இரண்டு மாதம். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சேலத்துக்கு மாற்றலாகி வந்த பிறகும், சித்திரை பிறந்தால் நீ தவறாமல் வந்துவிடுவாய். போட்டிக்கு நீங்கதான் வந்து கோப்பை குடுக்கோணும் என்பாய். ஏதாவது சாக்குச் சொல்லிப் பார்ப்பேன், விடமாட்டாய். பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டே போய்விடுவாய். களத்துக்குப் போனதும் கோட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டி, சுண்ணாம்புதானுங்க, மோந்து பாத்துக்குங்க என்பாய். சனமெல்லாம் சிரிக்கும், நானும் சிரிப்பேன்.

அப்புறம் மைக்கைப் பிடிப்பாய். என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு, "எங்கூருக்குக் காலரா வந்தப்ப நம்மளைக் காப்பாத்துன இன்ஸ்பெக்டரு இவருதானுங்க," என்று சொல்லுவாய். வருடம் தவறாமல் அதே வார்த்தை. காலரா என்ற அந்தச் சொல்லில் மட்டும் கொஞ்சம் நின்று, அப்புறம் போவாய். சுற்றிலும் கை தட்டுவார்கள். எனக்குக் காது சூடாகிவிடும். என்னைத் தூக்கி வைத்துப் பேசுகிறாயா, செருப்பால் அடிக்கிறாயா என்று ஒரு வருடமும் எனக்குப் புரியவில்லை. உன் முகத்தைப் பார்ப்பேன், அதில் ஒன்றும் இருக்காது. கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆட்டத்தைக் கவனிக்கப் போய்விடுவாய். எத்தனையோ முறை பஸ்ஸில் திரும்பும்போது, அடுத்த வருடம் கேட்டுவிடுவது என்று நினைத்துக்கொள்வேன்.

கேட்கவே இல்லை. கடைசியாக உன் வீட்டுக்கு வந்தபோது நீ கட்டிலில் மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். அத்தனை வருடம் ரிக்கில் பாறைத் தூசியைச் சுவாசித்த நெஞ்சு. இரண்டு சொல்லுக்கு ஒரு முறை நிறுத்தி இழுக்கவேண்டியிருந்தது. உன் மகன் ஒரு நாற்காலியைப் போட்டான். நான் மழையைப் பற்றிப் பேசினேன், முட்டை விலையைப் பற்றிப் பேசினேன். எதற்கு வந்தேனோ அதைத் தவிர எல்லாவற்றையும் பேசினேன். நீ எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, என் கையைத் தட்டிக்கொடுத்துச் சொன்னாய்.

"பாட்டு... வரமாட்டேங்குதுங்க... இன்ஸ்பெக்டரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான் எழுந்து வெளியே வந்து, உங்கள் வாசலில் கட்டியிருந்த மாட்டைத் தடவிக்கொண்டு நின்றேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது உன் மகனிடம் உன் இறப்புச் சான்றை வாங்கிப் பார்த்தேன். ஏன் சார் என்றான், பழைய வழக்கம் தம்பி என்றேன். மாரடைப்பு என்று எழுதியிருந்தார்கள். அதை எழுதிய டாக்டர்ப் பையன்மீது எனக்குக் கோபம் வரவில்லை. நெஞ்சு நின்றது உண்மைதானே. தூசி என்று எழுதப் போனால் அவனுக்கும் மேலே ஒருவர் இருப்பார், அவருக்கும் மேலே ஒருவர் இருப்பார்.

நீ எழுதிக்கொண்டுவந்த அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. மடிப்பில் கிழிந்துவிட்டது, பின்பக்கம் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். இன்று பேப்பரைப் படித்த பிறகு அதை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டு, பேனாவையும் எடுத்தேன். பிறகு மூடிவிட்டேன். இனி அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? பேப்பரில் போட்டிருக்கிற இரண்டு வருடம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு. அவர்களுக்காவது கிடைக்கட்டும். அவர்களின் ஊர்களில் யாராவது சரியாக எழுதி வைத்திருக்கவேண்டும், அது ஒன்றுதான் என் கவலை.

கையெழுத்துக்கு நேரம் போய்விட்டது. ஆனால் நீ ஒரு கேள்வி கேட்டாய், அதற்குப் பதில் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அத்தனை சித்திரையும் மைக்கில் நீயேதான் அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாய், சொல்லவேண்டிய ஆள் பக்கத்திலேயே நின்றான். இப்போது சொல்கிறேன், உன் ஊர்ப் பேச்சிலேயே சொல்கிறேன்.

பொன்னுசாமி காலராவுலதானுங்க செத்தான். எழுதாம உட்டவன் நானுங்க.